ரகரத்தின் கால்

1.

இந்தக் கதை ஒரு சோப்புக்கட்டியிலிருந்து வந்தது. பெரிய அனுபவம், தூக்கத்தைக் கெடுத்த சம்பவம் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது இவ்வளவே: பல் வைத்தியரிடம் காக்க வைத்தார்கள், பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன், கையால் செய்த சோப்பு ஒன்றை வாங்கினேன். கம்பியால் அறுத்த கட்டி. ஒரு பக்கம் தடித்து, இன்னொரு பக்கம் மெலிந்து, ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரல் பள்ளத்தோடு இருந்தது.

நடுவில் 'நுரை' என்று அச்சு அழுத்தியிருந்தார்கள். அந்த எழுத்துதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வளைய வேண்டிய இடமெல்லாம் மூலை. எல்லாக் கோடும் ஒரே கனம், நடுநடுவே வெட்டு. விண்கலத்தின் கதவில் இருக்க வேண்டிய எழுத்து, கோணல்மாணல் சோப்பில் என்ன செய்கிறது?

சோப்பை எழுதும் மேசையில் வைத்திருந்தேன். மேசையைத் துடைக்க வந்த என் கணவர் அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டதற்கு, "சோப்பு தேய்க்கத்தானே?" என்றார். போகட்டும், எழுத்துதான் மனதில் பதிந்துவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன்.*

(* இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

2.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

அவள் சோப்பு செய்யும் நாளில் எல்லாம் மழை — (வேண்டாம். மழையில் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

எதிர்காலம் அன்று அடுப்படி வழியாக — (சீ.)

கணவன் ஓடிப்போன மறுநாள் அவன் எழுதிய லேபிள்களை எல்லாம் அவள் —

இது கொஞ்ச தூரம் ஓடியது. ஆனால் ஓடிப்போனவன் கையெழுத்தைத் தூக்கிப்போட யாருக்கும் காரணம் தேவையில்லை. கதை கோபமாகவே இருந்தது, எனக்கோ ஆர்வம்தான் இருந்தது. ஆகவே இரண்டாம் வரைவில் அந்தக் கணவனை நல்லவராக்கி, ஒரே வரியில் காய்ச்சல் வரவழைத்து, சாகடித்தேன். எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் கூசுவதே இல்லை.

மிஞ்சியவர்கள் இரண்டு பேர். சோப்பு செய்யும் அண்ணி, அதாவது அவர் மனைவி. லேபிள் வடிவமைக்கும் நாத்தனார், அவருடைய தங்கை. 'நுரை' என்று பெயர் வைத்ததும், அதை முதலில் பேனாவால் லேபிளில் எழுதியதும் செத்துப்போன அண்ணன்தான். ரகரத்தின் காலை நிறுத்தவே மாட்டார். இடப்பக்கமாக இழுத்து, இழுத்து, சொல் முழுவதற்கும் அடிக்கோடாக்கிவிடுவார். அதை நகலெடுத்துத்தான் இத்தனை நாளும் ஒட்டினார்கள். அவர் இருந்தபோது அச்சடித்த கட்டு இப்போது தீர்ந்துவிட்டது.

கதை இங்கே தொடங்குகிறது. முன்பே தொடங்கியிருக்கலாம்.

3.

(கட்டுரை மாதிரி ஒரு பகுதி. அவசரக்காரர்கள் நான்காவதுக்குத் தாண்டலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்சம்தான்.)

கையால் செய்த பொருள் என்றால் அதன் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்துவிட்டார்கள். பழுப்புத் தாள், சணல் கயிறு, ஒரு இலை, கை நடுங்கி எழுதிய மாதிரி எழுத்து. அந்த நடுக்கத்தைக் கணினியில் விலைக்கு வாங்கலாம். மறுபக்கம், எதிர்கால எழுத்து என்று ஒரு ஜாதி இருக்கிறது. இயர்போன் பெட்டி, விளையாட்டுச் செயலி, ஜிம் வாசல். வேடிக்கை என்னவென்றால், அந்த எதிர்காலத்தை யாரோ நெடுநாள் முன்பே கற்பனை செய்து முடித்தாயிற்று. நாம் அதே எதிர்காலத்தைத்தான் இன்னும் தூசி தட்டிப் பயன்படுத்துகிறோம்.

ஆக இரண்டுமே வேஷம். அப்படியானால் கதையில் அண்ணி தன் சோப்புக்கு ஏன் இரண்டாவதைக் கேட்கிறாள்? இதற்குப் பதில் தெரியாமல்தான் நான்காம் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

4.

அடுப்படி. ஜன்னல் திறந்திருக்கிறது. எஃகுப் பாத்திரத்தில் எண்ணெயில் கலக்க வேண்டிய காஸ்டிக் சோடாக் கரைசல் ஆறிக்கொண்டிருக்கிறது. அண்ணி கையுறையைக் கழற்றி, ஒரு காலி இயர்போன் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இந்த மாதிரி எழுத்து வேணும். இனி லேபிள் இல்ல, சோப்பு மேலயே அச்சு."

நாத்தனார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விளையாடாதீங்க அண்ணி. சோப்பு விக்கிறோமா, ராக்கெட் விக்கிறோமா?"

"ராக்கெட்ல போறவன் குளிக்க மாட்டானா?"

"கையால செஞ்சதுன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"ஏன், என் கை என்ன போன நூற்றாண்டா? நேத்து அறுத்த சோப்பு இது. நான் இன்னைக்கு உயிரோட இருக்கேன், நாளைக்கும் செய்வேன். அதுக்கு எதுக்குப் பழசு மாதிரி ஒரு முகம்?"

(இந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகம் வந்தது. அடுப்படியில் நிற்பவள் கருத்தரங்கில் நிற்பவள் மாதிரி பேசுகிறாள். நாத்தனாருக்கும் அதே சந்தேகம் வரட்டும் என்று விட்டேன்.)

"அதெல்லாம் சரி. உண்மையைச் சொல்லுங்க. அண்ணன் எழுத்து வேண்டாமா உங்களுக்கு?"

அண்ணி பாத்திரத்தை வெளிப்பக்கம் தொட்டுச் சூடு பார்த்தாள்.

"காலையில எந்திரிச்சு இங்க வந்தா, அலமாரி முழுக்க அவர் கையெழுத்து. ஒவ்வொரு சோப்பிலயும். நான் வேலை பாக்குறேனா, தினமும் துக்கம் விசாரிக்கிறேனான்னே தெரியல. இந்தப் பெட்டியைப் பார்த்தேன். எழுத்து எதையும் ஞாபகப்படுத்தல. இதுவரைக்கும் நடக்காத ஒண்ணு மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

"எனக்கு அது மட்டும்தானே அண்ணி இருக்கு. போட்டோல எல்லாம் அண்ணன் சும்மா நிக்குது. இதுலதான் கை அசையுது."

இரண்டு பேரும் சொன்னது நியாயம். எழுதுகிறவளுக்கு இதைவிடத் தலைவலி கிடையாது.

5.

நாத்தனார் ஒத்துக்கொண்டாள். ஏன் ஒத்துக்கொண்டாள் என்று முதலில் ஒரு பக்கம் எழுதினேன், பிறகு அடித்தேன். துக்கத்தோடு வாதாட அவளுக்கு வராது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது ஆங்கில எழுத்து. தமிழில் அதே மாதிரி தேடியதில் ஒன்றும் ஒத்துவரவில்லை. அவளேதான் வரைய வேண்டும். நான் இதை யோசித்து வைக்கவில்லை, அவளை வரைய உட்கார வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது: அண்ணன் எழுத்தை அழிக்கிற வேலை தங்கை கைக்கே வந்துவிட்டது.

வரைந்தாள். 'நு' சுலபமாக மடங்கியது. ஐகாரத்தின் சுழிகள் இரண்டு குட்டிப் பெட்டிகள் ஆயின. சோப்பில் கோடு மெலிந்தால் அச்சோடு பிய்ந்து வரும் என்று அண்ணி சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் தடிப்பாக்கினாள். கடைசியில் ரகரம். அச்சு வெட்டுபவர் எழுத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று ஏற்கெனவே போன் பண்ணிவிட்டார்.

"அண்ணி, வந்து பாருங்க."

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். நிஜமாகவே விண்கலம். முகம் மலர்ந்தது. பிறகு அவள் விரல் தானாகப் போய் ரகரத்தின் காலில் நின்றது.

அந்தக் கால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மூலை மடங்கி, இடப்பக்கம் திரும்பி, பெட்டிகளுக்கு அடியில் நேர்கோடாக, சொல்லின் ஆரம்பம் வரை போயிருந்தது.

"என்ன அண்ணி? ஏதாச்சும் தப்பா இருக்கா?"

நாத்தனாருக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தெரிந்தே செய்தாள் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன், உடனே பொய்யானது. கை தானாகப் போயிருக்கிறது.

6.

முடிவுகள்.

அ) "இந்தக் காலை வெட்டிடு." நாத்தனார் வெட்டுகிறாள். அச்சு நன்றாக வருகிறது. (சரியான முடிவு. எழுதிவிட்டு எனக்கே அண்ணியிடம் பேசப் பிடிக்கவில்லை.)

ஆ) "இருக்கட்டும்." இருவரும் கட்டிக்கொண்டு — (எழுதும்போதே அழுதேன். வாசகருக்கு முன்னால் நான் அழுதுவிட்டால் அந்த முடிவை நம்புவதில்லை.)

இ) முன்பக்கம் புது எழுத்து, பின்பக்கம் பழைய எழுத்து. (பாகப்பிரிவினை. வேண்டாம்.)

இங்கே நின்றபோதுதான் மண்டையில் தட்டியது. எதற்கு இத்தனை கற்பனை? நான் வாங்கிய சோப்பு வீட்டில்தானே இருக்கிறது! அதில் கால் நீண்டிருந்ததா, வெட்டியிருந்ததா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மனதில் பதிந்துவிட்டது என்றேனே, பதிந்தது விண்கலம் மட்டும்தான். குளியலறைக்கு ஓடினேன்.

"அந்தச் சோப்பா?" என்றார் கணவர். "நல்ல சோப்பு. தீந்துபோச்சு."

தட்டில் ஒரு சில்லு ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நாங்கள் இருவரும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து முடித்திருந்தோம்.

7.

அந்தக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிப் பார்க்கலாம். கணவரும் அதையேதான் சொன்னார். போகவில்லை. கால் நீண்டிருந்தாலும் குட்டையாக இருந்தாலும், அதைச் செய்தவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சோப்பு எனக்குச் சொல்லாது. என் அண்ணி வேறு இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் விரல் திரையில் இருக்கிறது. தங்கை திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சுட்டியில் கை, அனுப்பத் தயாராக. வெட்டச் சொன்னால், எதை வெட்டினோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இருக்கட்டும் என்றாலும், ஏன் இருக்கட்டும் என்று கேட்பாள், தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் விரலை எடுத்தால், இனி அலமாரி நிறைய இருக்கும் அந்தக் கோட்டை அண்ணி ஒருத்தி மட்டும் தினமும் பார்ப்பாள்.

எனக்கு இதற்கு மேல் வரவில்லை. நான் எழுந்துகொள்கிறேன், அண்ணி நிற்கும் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். இன்றைக்குக் கலந்த கரைசலும் ஆறிவிட்டது, எண்ணெயில் ஊற்ற வேண்டும், நேரமில்லை.

"சொல்லுங்க அண்ணி," என்கிறாள். "அனுப்பிடவா?"