நட்டை முறுக்கியவர்கள்

அரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்க மாட்டாள், நட்டும் வாஷரும் குழாயும் மொத்தமாக அவள் கையோடு வந்துவிட்டன. டிரம்மின் அடியிலிருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. "ஐயையோ!" என்று கத்திக்கொண்டே வலது உள்ளங்கையை ஓட்டையின்மேல் வைத்து அழுத்தினாள். சீறல் நின்றது. விரலிடுக்கில் மட்டும் கசிந்து, முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"என்னத்த... உடைச்சே?" கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க தூங்குங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா... ஐயையோன்னு கத்தினே?"

அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மீன் தொட்டியைக் கட்டினார். அதற்கு ஃபில்டரும் அவரே செய்தார். கடையில் விற்பதெல்லாம் விளையாட்டுச் சாமானாம். பழைய பெயிண்ட் டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, நட்டும் வாஷரும் மாட்டி, அதிலிருந்து மோட்டாருக்குக் குழாய் விட்டார். தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் இன்னொரு குழாய். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு தங்க மீன்களும் மதமதவென்று வளர்ந்தன.

அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் டிரம் ஒழுக ஆரம்பித்தது. நுரையீரல் கைவிட்டுவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போடச் சொன்னார் அப்பா. இரவெல்லாம் டொக், டொக்கென்று சொட்டு விழும். அவர் கண்ணை மூட மாட்டார்.

அதற்கு வீட்டார் செய்த காரியம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! கையால் மட்டும்தான் முறுக்க வேண்டும், சாமான் வைத்து முறுக்கினால் ரப்பர் பிதுங்கிவிடும் என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அவர் தூங்க வேண்டுமே என்ற தவிப்பில், ஒருவருக்கும் தெரியாமல் ஒருவர் முறுக்கினார்கள். தம்பி ஸ்பானர் வைத்து முறுக்கினான். அவள் கட்டிங் பிளேயர் வைத்து முறுக்கினாள். அம்மா, பாவம், அடுப்படியிலிருந்து பாத்திரம் பிடிக்கிற இடுக்கியை எடுத்துவந்து முறுக்கியிருக்கிறாள். முறுக்க முறுக்க ஒழுக்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்று காலை அப்பா தலையைத் திருப்பி டிரம்மைப் பார்த்தவர், கண்டுபிடித்துவிட்டார்.

"வாஷர் நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்குது. யாரு... முறுக்கினது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். இடுக்கி என்று கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாரித்துவிட்டது.

"பாசத்துலயே... கொன்னுட்டீங்க அதை," என்றார் கடைசியில்.

தம்பி வேலைக்குக் கிளம்பிப் போனான். வாஷர் வாங்க அம்மாவைத்தான் போகச் சொன்னார் அப்பா. "இவள அனுப்பாத. கிடைச்சத வாங்கிட்டு ஓடி வந்துருவா." அம்மாவுக்கு அவரை விட்டுப் போக மனசே இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் அதுல கை வெக்காதடி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளுக்கு வீட்டில் பெயரே அவசரம். நாள் ஆவதற்குள் பிறந்தவள் என்று அப்பா வைத்த பட்டப்பெயர் அது. அவளாவது, கை வைக்காமல் இருப்பதாவது! மோட்டாரை அணைத்தாள், அந்த மட்டுக்கும் விவரம் இருந்தது. அம்மா வந்ததும் மாட்ட வசதியாக இருக்குமே என்று நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கப் பார்த்தாள். ஓட்டைக்குமேல் ஒரு டிரம் தண்ணீரும், அதற்குப் பின்னால் ஒரு தொட்டித் தண்ணீரும் நிற்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

இப்போது உறைத்தது. அதைவிட மோசமான ஒன்றும் கண்ணில் பட்டது. முதலில் பீறிட்ட தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்துத் தரை வாட்டம் சரியில்லாதது, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கட்டில் பக்கம்தான் போகும். கட்டிலின் தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வயர் எட்டாததால், ஒரு ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு அதில் சொருகியிருந்தான் தம்பி. "சாயங்காலம் சுவத்துல மாட்டிடறேன்," என்று தினமும் சொல்வான்.

தோளில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்துத் தரையில் போட்டு, காலால் தள்ளி அணை கட்டினாள். தண்ணீர் துண்டில் முட்டி நின்றது. அந்த ஜங்ஷன் பெட்டியை உதைத்துத் தள்ளலாமென்று காலை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. கையை எடுத்தால் வருகிற வெள்ளத்துக்கு அந்தத் துண்டு எந்த மூலைக்கு? பெட்டி நனையும், மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் அப்பா தாங்க மாட்டார். ஜன்னலில் இருந்த போன் அடித்து ஓய்ந்தது.

"அக்கா! மேல் வீட்டக்கா!" என்று கத்தினாள். மேலே ஒரு சத்தமும் இல்லை.

"அவங்க... ஊருக்குப் போயிட்டாங்க," என்றார் அப்பா. "காலையில பூட்டின சத்தம் கேட்டுச்சு. ஓட்டைய அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"ஆமாம்பா."

"கையாலயா?"

"வேற எதால அடைக்கிறது? தலையையா குடுக்க முடியும்?"

அவர் சிரித்தார். மூக்கிலிருந்த குழாய் ஆடியது. "நல்லா மாட்டிக்கிட்டோம் போ... அப்பனும் மகளும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. மோட்டார் நின்றுபோனதால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்குகிற விதம் மாறியிருந்தது. இழுப்பார், பிறகு அப்படியே நிற்கும். போதும் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவள் நினைக்கும்போது மறுபடி இழுப்பார்.

"அப்பா!"

"ம்."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல." அவர் கை கட்டிலிலிருந்து நழுவி வெளியே தொங்கியது. விரல்கள் எதையோ தேடுவது போல அசைந்தன. "அத விட்டுட்டு... இங்க வா."

"எப்படிப்பா வர்றது? தண்ணி பெட்டிக்குப் போயிடுமே."

"போகட்டும்."

"மிஷின் நின்னுடும்பா!"

"நிக்கட்டும். வாயேன்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வந்த கோபம். "சும்மா இருங்கப்பா! என்ன பேச்சு இது? அம்மா இப்ப வந்துடுவா. வந்ததும் மாட்டிட்டு வந்து பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

சொல்லிவிட்டு இடது கையை அவர் கையை நோக்கி நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. உடம்பை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். உள்ளங்கை நழுவி, தண்ணீர் பீச்சியடித்துத் துண்டைத் தாண்டியது. பதறிப்போய்த் திரும்பவும் அழுத்திக்கொண்டாள்.

"சரி சரி," என்றார் அப்பா. குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "நீ... புடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அவசரம் என்று பெயர் வாங்கியவள், அன்றைக்கென்று பார்த்துப் பொறுமையாக இருந்தாள். டிரம்மில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தோள்பட்டை விட்டுப்போகிற வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா வா, அம்மா வா என்று முனகினாள். மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. அந்த உறுமலுக்குள் அப்பாவின் மூச்சைத் தேடினாள். இருக்கிறது என்று தோன்றியது. இல்லை, அது மிஷினுடையது என்று தோன்றியது. கூப்பிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "அதே சைஸு கிடைச்சிடுச்சுங்க," என்று பேசிக்கொண்டே வந்தாள் அம்மா. "நாலு கடை ஏறி இறங்கினேன். ரெண்டாவே வாங்கிட்டேன், ஒண்ணு..."

கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, திட்டறத அப்புறம் திட்டு," என்றாள் அவள் அவசரமாக. "முதல்ல வாஷரக் குடு. கைய எடுத்தா தண்ணி பெட்டிக்குப் போயிடும், மிஷின் நின்னுடும். சீக்கிரம் குடும்மா."

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. கட்டிலருகே போய்க் குனிந்தாள். தொங்கிய கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். கழுத்தில் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் மூக்கிலிருந்த குழாயை மெதுவாகக் கழற்றி, அது கன்னத்தில் பதித்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

"அம்மா, என்ன பண்றே? ஏன் அதைக் கழட்டறே?"

அம்மா தலைமாட்டுப் பக்கம் சுற்றிப்போய் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். உறுமல் அடங்கியது. ஜங்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து எடுத்து, வயரைச் சுருட்டி, கட்டிலின்மேல் அவர் கால்பக்கம் வைத்தாள்.

"இப்ப கைய எடுடி," என்றாள்.

அவள் எடுக்கவில்லை. அம்மா வந்து அந்த ஈரத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டிரம்மில் ஒட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.