சத்தம் குறைந்த மத்தியானம்

ஜெர்மேனுக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. பம்ப் கொட்டில் இருப்பது என்னவோ சரிவின் அடியில், ஓடைக்கரையில். இவள் பாகு காய்ச்சும் கொட்டகை இருப்பது மேலே, ரோட்டோரம். நடுவே மேப்பிள் தோப்பு முழுக்கக் கிடக்கிறது. அத்தனை மரத்தையும் தாண்டி அந்த எஞ்சினின் சத்தம் மேலேறி வந்து, வேறு போக்கிடமே இல்லாததுபோல அவள் காதுக்குள் குடியேறிவிட்டது. பட்பட்பட்பட் என்று ஓயாமல் ஒரே அடி.

"ஏய்யா, அந்தச் சனியனோட வாயை அடைக்க மாட்டியா? நேத்துலேர்ந்து மண்டைக்குள்ள ஆணி அடிக்குது," என்றாள், விறகு கொண்டுவந்து போட்ட புருஷனிடம்.

ரோசேர் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டான். நெட்டையான ஆள், நிதானமான ஆள். அவசரம் என்பதே அவனிடம் கிடையாது. இருக்கிற அவசரம் எல்லாவற்றையும் அவன் பெண்டாட்டியே எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள்.

"சைலன்சர் மூட்டுல விரிசல் விட்டுடுச்சு கெழவி. கதவை வேற திறந்து போட்டிருக்கேன். அதான் இங்க வரைக்கும் கேக்குது."

"எதுக்குத் திறந்து போடறே?"

"புகையெல்லாம் உள்ளதானே கக்குது? கதவை மூடினா மனுஷன் உசுரோட வெளியில வர முடியுமா?"

"அப்ப மூட்டைச் சரி பண்ணித் தொலை."

"பண்ணலாம். எஞ்சினை நிறுத்தணும், ஆறவிடணும், கழட்டி மாட்டணும்..."

"நிறுத்தறதா!" கரண்டியோடு திரும்பினாள் ஜெர்மேன். "நல்லா இருக்கே கதை! ராத்திரி உறைஞ்சு, காலைல வெயில் அடிச்சு, இப்பிடி ஒரு நாள் இந்த வருஷம் இதுதான் மொதத் தடவை. மரமெல்லாம் சாறு கொட்டுது. இன்னிக்குப் போய் பம்பை நிறுத்தறாராம்!"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் துளை போட்டு, துளைக்கு மெல்லிய குழாய் சொருகி, எல்லாக் குழாய்களையும் பெரிய குழாயில் சேர்த்து அடிவாரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே எஞ்சினில் ஓடும் பம்ப், குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி உறிஞ்சிச் சாற்றை இழுக்கிறது. கரண்ட் கம்பி அவ்வளவு தூரம் வரவில்லை, அதனால்தான் பெட்ரோல் எஞ்சின். ஓடுகிற நாளில் பம்ப் நின்றால், குழாயில் நிற்கும் சாற்றை மரம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், துளை கெட்டுப்போகும், சீசனே முன்கூட்டி முடிந்துபோகும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களின் உறுதியான எண்ணம். மரம் மறுபடி உறையும்வரை பம்பை நிறுத்துபவனை அவர்கள் ஆளாகவே மதிப்பதில்லை.

"நிக்கவும் கூடாது, சத்தமும் கூடாது," என்றான் ரோசேர். "கல்யாணம் நடக்கணும், ஆனா மாப்பிள்ளை வரக்கூடாதுங்கறே."

"அப்பிடித்தான் வச்சுக்கோ. எப்பிடிப் பண்ணுவியோ எனக்குத் தெரியாது. இதைச் சரி பண்ணாம சூப்புக் குடிக்கலாம்னு மேல வந்துடாதே."

அவன் ஸ்பேனர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். அந்த ஊர் வசவு வழக்கப்படி மாதா கோயில் பலிபீடம், பாத்திரம், மெழுகுத்திரித் தண்டு என்று ஒன்றைக்கூட விடாமல் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே போவது கொஞ்ச தூரம்வரை கேட்டது. பிறகு எஞ்சின் சத்தம் அதையும் விழுங்கிவிட்டது.

ஜெர்மேன் கொப்பரைப் பக்கம் திரும்பினாள். கொட்டகையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கிடக்கும் நீளக் கொப்பரை அது. ஒரு முனையில் தண்ணீராக நுழையும் சாறு, தடுப்புக்குத் தடுப்பு சுற்றிச் சுற்றி வந்து மறுமுனையில் பொன்னிறப் பாகாக நிற்கும். கண்ணை எடுக்க முடியாது. பொங்கினால் அடங்குவதற்காக மேலே கயிற்றில் ஒரு பன்றிக்கொழுப்புத் துண்டு தொங்கும்; நுரை எழும்பி அதைத் தொட்டதும் சுருண்டுகொள்ளும். ஆனால் அடியில் பிடித்துக்கொண்டால் எந்தக் கொழுப்பும் காப்பாற்றாது. பாகும் போகும், கொப்பரையும் போகும். அடுப்பு எரியும்போது கொப்பரையை விட்டு நகர்வது என்பது ஜெர்மேனின் அகராதியிலேயே இல்லை. மூத்தவனைப் பெற வலி எடுத்த அன்றைக்குக்கூட, கொதித்துக்கொண்டிருந்த பாகை இறக்கி வடிகட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அதை அவளே பெருமையாகச் சொல்லுவாள். டாக்டர் திட்டியதை மட்டும் சொல்லமாட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது.

சட்டென்று குறைந்தது. காதிலிருந்து பஞ்சை எடுத்தால் எப்படி இருக்குமோ அதற்கு நேர் எதிராக, யாரோ பஞ்சை வைத்து அடைத்ததுபோல இருந்தது. ஜெர்மேன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்று கேட்டாள். எஞ்சின் நிற்கவில்லை, ஓடுகிறது. ஆனால் எங்கோ தூரத்தில், பக்கத்து ஊரில் ஓடுகிறது.

"பாத்தியா, சொன்னா நடக்குதுல்ல!" என்றாள் கொப்பரையிடம்.

அப்பாடா என்று இருந்தது. கொதிக்கும் சாற்றின் சலசலப்பு காதில் விழுந்தது. கூரை ஓரத்துப் பனி உருகிச் சொட்டுவது விழுந்தது. ஒரு காகம் கத்தியது. நேற்றிலிருந்து இதெல்லாம் எங்கே போயிருந்தன என்றே தெரியவில்லை. ஜெர்மேன் தன்னையறியாமல் ஏதோ ஒரு பழைய பாட்டை முனகத் தொடங்கினாள். விறகு போட்டாள், நுரை எடுத்தாள், பாகைக் கரண்டியில் மொண்டு ஓரமாகச் சரித்து, அது பட்டையாகத் தொங்கி விழுகிறதா என்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆகணும். மனசு லேசாக இருந்தது. கெட்டிக்காரன்தான், நிறுத்தாமலே சரி பண்ணிவிட்டான், வரட்டும், சூப்போடு, பாகில் வேகவைத்த முட்டையும் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் வரவில்லை.

சூப்பு ஆறியது. மறுபடி சுட வைத்தாள். அதுவும் ஆறியது. கோபமாக இருக்கிறான் போல. ரோசேர் கோபத்தைக் கத்திக் காட்டமாட்டான், வராமல் இருந்து காட்டுவான். ஒருதடவை இப்படித்தான், அவன் தங்கச்சியை ஏதோ சொல்லிவிட்டாள் என்று மாட்டுக்கொட்டிலிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். எஞ்சின்தான் ஓடுகிறதே, ஆள் பக்கத்தில்தானே இருப்பான். அவர்கள் வீட்டில் எஞ்சின் ஓடுவது என்றால் ரோசேர் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். எத்தனையோ சீசனாக அவள் அப்படித்தான் கேட்டுப் பழகியிருந்தாள்.

"இருக்கட்டும். பசிச்சா தானா வருவான் கெழவன்," என்று சொல்லிவிட்டு, விறகு எடுக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

அங்கே கொதிக்கும் சத்தம் இல்லை. காற்றும் இல்லை. எஞ்சின் இன்னும் தெளிவாகக் கேட்டது. குனிந்து ஒரு விறகை எடுத்த ஜெர்மேன் அப்படியே நின்றாள்.

பட்பட்பட்பட்.

சைலன்சர் சரியாகியிருந்தால் அப்படிக் கேட்காது. அது உறுமும், வெடிக்காது. போன வருஷம் முழுக்க உறுமியதை அவள் கேட்டிருக்கிறாள். இது நேற்றைய அதே உடைந்த சத்தம். ஒரு மாற்றமும் இல்லை. கம்பளியைப் போட்டு மூடியதுபோல அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கதவை மூடியிருக்கிறான்.

அவள் கையிலிருந்த விறகு காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. காலையில் தான் சொன்ன இரண்டும் வரிசையாக ஞாபகம் வந்தன. நிறுத்தாதே என்றாள். சத்தமும் வரக்கூடாது என்றாள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய அந்த மனுஷனுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஓடுகிற எஞ்சினோடு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, சூட்டோடு சூடாக மூட்டை முடுக்கிவிடலாம், ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்திருப்பான். அந்தப் புகைக்கு ரெண்டு நிமிஷம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவன்தானே காலையில் சொன்னான். தெரிந்துதான் மூடியிருக்கிறான், இவள் தலைவலிக்காக.

"ஐயோ, பாவி!" என்றாள். தன்னைத்தான் சொன்னாள்.

ஓடினாள். கொட்டகைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பு தகதகவென்று எரிகிறது, பாகு இறங்கும் பதத்தில் நிற்கிறது, எல்லாம் தெரிந்துதான் ஓடினாள். பங்குனி வெயிலில் இளகிப்போன பனி முழங்கால்வரை உள்வாங்கியது. விழுந்தாள், எழுந்தாள், குழாய்களுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். ஒரு குழாயைப் பிடித்துத் தொங்கியதில் அது மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, உஸ்ஸென்று காற்றை இழுத்தது. வேறு நாளாக இருந்தால் அந்த உஸ் சத்தத்துக்கே அவள் ஊரைக் கூட்டியிருப்பாள்.

கொட்டில் கதவை உள்ளேயிருந்து ஸ்பேனர் பையை முட்டுக்கொடுத்துச் சாத்தியிருந்தான். தோளால் இடித்துத் தள்ளினாள். சூடான புகை முகத்தில் அடித்தது. எஞ்சின் பக்கத்தில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் ரோசேர். மத்தியானத் தூக்கம் போடுகிறவன்போல இருந்தான். கன்னம் இரண்டும் சிவந்து, ஆள் என்றுமில்லாத ஆரோக்கியமாகத் தெரிந்தான். அந்தப் புகையைக் குடித்தவனுக்குத்தான் அப்படிச் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து முதலில் எஞ்சினின் சுவிட்சை அணைத்தாள். பிறகு அவன் கோட்டுக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். எப்பேர்ப்பட்ட கனம்! வாசற்படியில் அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டது. அழுதுகொண்டே விடுவித்து, மறுபடி இழுத்து, வெளியே பனியில் போட்டாள்.

"ரோசேர்! ஏய், கெழவா! கண்ணைத் திற. திறடா!"

கன்னத்தில் அறைந்தாள். பனியை அள்ளித் தேய்த்தாள். மார்பில் காதை வைத்தாள். துடிப்பு இருந்தது, மூச்சும் இருந்தது, ஆனால் கடன் கேட்டு வாங்கியதுபோல அரையும் குறையுமாக வந்தது. தூக்கிக்கொண்டு மேலே போக அவளால் ஆகாது. விட்டுவிட்டுப் போய் ஆள் கூப்பிடவும் மனசு வரவில்லை. கத்தினாள். தோப்பு அப்படியே நின்றது. எஞ்சின் நின்றபிறகு அங்கே எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதியைத்தான் காலையில் அவள் அடம்பிடித்துக் கேட்டாள். இப்போது அது கிடைத்திருக்கிறது, அவளால் தாங்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாளோ தெரியாது. மேலே சரிவில் பனிவண்டியின் உறுமல் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் லுட்ஜேர், மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பேய் மாதிரி இறங்கி வந்தான்.

"உன் கொட்டகைக் கூரையில வெள்ளை ஆவி போயி கறுப்புப் புகை வந்துச்சு," என்றான், இறங்கும்போதே. "ஓடிப் போய்ப் பாத்தா கொப்பரை தீயுது, ஆளைக் காணோம். நீ கொப்பரையை விட்டுட்டுப் போனேன்னா யாருக்கோ உசுரு போவுதுன்னு தெரிஞ்சுபோச்சு. உன் கால் தடத்தைப் பாத்துத்தான் வந்தேன். பிடி, கால் பக்கம் பிடி."

இரண்டு பேருமாக அவனைத் தூக்கிப் பின்னால் கட்டியிருந்த சறுக்குப் பலகையில் கிடத்தினார்கள். ஜெர்மேன் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஏறத் தொடங்கியது. எதிரே அடித்த குளிர்காற்று நல்லதுக்குத்தான் என்று லுட்ஜேர் திரும்பிக் கத்தினான்.

கொட்டகையைக் கடக்கும்போது தீய்ந்த சர்க்கரை நாற்றம் குப்பென்று வந்தது. ஜெர்மேன் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டை நெருங்கும்போது ரோசேர் இருமினான். உடம்பை முறுக்கி, ஓரமாகச் சாய்ந்து வாந்தி எடுத்தான். பிறகு கண்ணைத் திறந்தான். பார்வை எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அவள் முகத்தில் வந்து நின்றது. உதடு அசைந்தது. வண்டிச் சத்தத்தில் ஒன்றும் புரியாமல் அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"கெழவி... சத்தம் கொறஞ்சுதா?"

ஜெர்மேன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடு என்று அதட்டியிருக்கலாம். அதுதான் அவளுக்குப் பழக்கம். அவன் உள்ளே புகையைக் குடித்துக்கொண்டிருந்தபோது தான் பாட்டு முனகிக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"கொறஞ்சுதுய்யா," என்றாள் அழுதுகொண்டே. "நல்லா கொறஞ்சுது. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

அவன் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அவள் மேல் சாய்ந்துகொண்டான்.