பின்னறை ரவுட்டர்

“செத்துப்போன டப்பாவுக்கு ஒரு அறையா? என் தையல் மெஷினைத் தலைமேலயா வெச்சுக்கிறது?”

“அது சாகல அண்ணி. லைட் எரியுது பாருங்க.”

“அதத்தான் சொல்றேன். கரண்டைத் தின்னுக்கிட்டு எரியுது.”

கதவைத் திறந்து வைத்துச் சண்டை போடும் நல்ல மனசு எங்கள் மாடியில் எதிர்வீட்டு அண்ணிக்கு மட்டும்தான் உண்டு. மாடி முழுக்கவே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடும். அன்றைய சண்டை பழைய ரவுட்டருக்காக. நாலு கொம்பு வைத்த புது ரவுட்டர் கூடத்தில் வந்து உட்கார்ந்து வெகுநாள் ஆகிறது. குளியலறை வரைக்கும் சிக்னல். ஆனாலும் கொழுந்தன் பழையதைப் பின்னறை ஜன்னலோரம் வைத்து, சுவரோரமாக வயர் இழுத்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான். பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எடுக்கும் வண்டி அன்று காலை தெருமுனைக்கு வந்திருந்தது. அண்ணி கையில் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு மோடம், உடைந்த அடாப்டர்கள், காக்கைக் கூடு மாதிரி சிக்கிய வயர்கள்.

கொழுந்தன் லிப்ட் மெக்கானிக். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு, கல்யாணம் ஆகவில்லை. அவன் டப்பாவுக்காக மல்லுக்கட்டவில்லை என்பது அண்ணியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சந்துக்கு அந்தப் பக்கம், பின்னறைக்கு நேர் எதிரே, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் குடியிருக்கிறாள். வந்த புதிதில் அவளுக்கு நெட் லைன் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். இவன் பாஸ்வேர்டு கொடுத்தான். அதிலிருந்து சிக்னல் நின்றால் ஜன்னலைத் திறந்து, “சார், போயிடுச்சு” என்பாள். இவன் அணைத்துப் போட்டு, “இப்ப பாருங்க” என்பான். இவ்வளவுதான் பேச்சு. டப்பா போனால் இந்த இரண்டு வரியும் போய்விடும். உச்சிமாடியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற மனுஷனுக்கு மூன்றாவது வரி பேசத் தைரியமில்லை.

“அப்படியே போடக்கூடாது அண்ணி. பாஸ்வேர்டெல்லாம் உள்ள இருக்கும். அழிச்சிட்டுத்தான் கொடுக்கணும். நேரமாகும்.”

“என்ன நேரம்? பின்னாடி ஓட்டையில ஊசியை வெச்சு அமுக்கணும். மோடத்துக்கு நான்தானே அமுக்கினேன்.” தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி நீட்டினார். “இந்தா.”

வாங்கினான். டப்பாவைத் திருப்பி ஓட்டையைப் பார்த்தபடி நின்றான்.

“அண்ணா, நீங்களாவது சொல்லுங்க.”

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் குரல் உயர்ந்தால் எந்த வேளையானாலும் அவர் பல் தேய்க்கப் போய்விடுவார்.

பொறுமையிழந்த அண்ணி பிளக்கைப் பிடுங்கினார்.

எதிர் ஜன்னல் திறந்தது. பாதி வாரிய தலையும் கையில் போனுமாக அவள். “சார், போயிடுச்சு.”

அண்ணி அவளைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். அண்ணி பிளக்கைத் திரும்ப மாட்டினார்.

“இப்ப பாருங்க,” என்றான் பழக்கதோஷத்தில்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் மூடியது. அண்ணி மறுபடி பிடுங்கினார். மறுபடி திறந்தது.

“ஓகோ,” என்றார் அண்ணி. பிறகு தலையை வெளியே நீட்டி, அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்னும்படி மெதுவாகக் கேட்டார். “ஏம்மா, இந்த டப்பா இன்னைக்குப் போகுது. உனக்கு லைன் வர்ற வரைக்கும் வெச்சிருக்கட்டுமா?”

அவள் போனைப் பார்த்தாள். “லைன் எப்பவோ வந்திருச்சுக்கா.”

“அப்புறம் இது எதுக்கு?”

அவள் ஜன்னலை மூடப் பார்த்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது. குளியலறையில் பிரஷ் சத்தம் நின்றது.

“நான் இந்தப் பெட்டியை எடுத்துட்டுக் கீழ போறேன்,” என்றான் கொழுந்தன். “நீங்க கடைக்கு எப்பக் கிளம்புவீங்க?”

“தலை வாரணும்.”

“வாருங்க. நிக்கிறேன்.”

ரவுட்டருக்குக் கரண்ட் கொடுத்து, பின்னை அமுக்கிப் பிடித்து, எல்லாம் அழிந்ததும் பெட்டிக்குள் போட்டான். தெருமுனையில் இருவரும் பேசிக்கொண்டு நின்றதில் வண்டி கிளம்பியே போய்விட்டது. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருந்துக்கடை வரை போயிருக்கிறான். அடுத்த தடவை வண்டி வந்தபோது அதை அண்ணியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது. அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் இருந்த வீட்டுக்கு ஒரு வக்கீலும் வக்கீல் மனைவியும் வந்திருக்கிறார்கள். அந்த மனைவியும் வக்கீல்தான். இருந்தும் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் கிடையாது. என்ன ஜென்மங்களோ.