வெள்ளைக் கரடியும் ஊறுகாய் ஜாடியும்

பார்க் அவென்யூவில் முப்பத்தெட்டாவது மாடி. ஜன்னல் வழியே பாதி மன்ஹாட்டன் தெரியும். ஆனால் கிரேடன் விட்லாக் விருந்தாளிகளுக்கான நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போடவில்லை, தன் அலமாரியைப் பார்த்துப் போட்டிருந்தார். அலமாரி நிறைய டீல் பொம்மைகள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கி முடித்ததும், நடுவில் நின்று கமிஷன் வாங்கிய பேங்கர்கள் தங்களுக்குத் தாங்களே செய்து கொடுத்துக்கொள்ளும் பரிசு அது. கண்ணாடிக் கட்டிக்குள் குட்டி விமானம், குட்டி எண்ணெய்க் கிணறு, குட்டி டிராக்டர். கோடிகளைப் புரட்டுகிற பெரிய மனிதர் தினமும் காலையில் இவற்றைத் தன் கையாலேயே துடைப்பார். முன்பு மகளின் போட்டோ ஒன்று அங்கே இருந்தது. டிராக்டர் வந்தபோது இடம் போதாமல் அதை எடுத்துவிட்டார்.

ஒரு பொம்மை செய்து வர ஆறு வாரம் ஆகும். அச்சு எடுக்க வேண்டும், ஊற்ற வேண்டும், இறுக விட வேண்டும். டீல் முடிந்த அன்றைய விருந்தில் அது மேஜைமேல் இருக்க வேண்டுமென்றால், யார் வாங்கப்போகிறார்கள் என்பது ஆறு வாரம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். விட்லாக்குக்கு எப்போதும் தெரிந்திருக்கும்.

அந்த வருஷம் அவரிடம் வந்து மாட்டியவர் வெர்னா ஹூலட். ஒஹாயோவில் மூன்று தலைமுறையாக வெள்ளரிக்காய் ஊறுகாய் போடும் குடும்பம். வாரிசு இல்லாததால் கம்பெனியை விற்றுவிட முடிவு செய்து, நல்ல ஆளாகப் பார்த்து விற்றுக்கொடுக்கும்படி அந்த அம்மாள் விட்லாக்கை அமர்த்தியிருந்தார். ஆலை மூடப்படக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. வாங்க இரண்டு கம்பெனிகள் நின்றன. உறைய வைத்த உணவு விற்கும் நார்த்மியரின் சின்னம் வெள்ளைக் கரடி. டின்னில் அடைத்து விற்கும் ஃபெர்ன்லியின் சின்னம் நரி. இந்தக் கதையில் யோக்கியமான கம்பெனி அந்த நரி ஒன்றுதான்.

சம்பளம் கொடுப்பது வெர்னா, ஆகவே விட்லாக் வெர்னாவின் ஆள். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நார்த்மியரின் சேர்மன் கோல்ஃப் மைதானத்தில் அவர் தோளில் கை போட்டு, "ஊறுகாயை எங்க பக்கம் தள்ளிவிடுப்பா. அடுத்த வருஷம் திமிங்கலம் மாதிரி ஒரு பெரிய கம்பெனியைப் பிடிக்கப் போறோம், அந்த வேலை மொத்தமும் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். திமிங்கலம் வந்தால், வேலை பார்க்கும் வங்கியில் விட்லாக் துணைத் தலைவர். அதற்குமேல் அவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? ஃபெர்ன்லிக்காரர்கள் கேட்ட கணக்குகள் தாமதமாகப் போயின. ஆலையைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்த தேதி தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், ஆலைக்கு விடுமுறை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனாலும் விடாமல் விலை எழுதிக் கவரை அனுப்பியிருந்தார்கள்.

இந்த வேலைகளையெல்லாம் அவருக்காகச் செய்தவள் மார்னி ஸ்லோகம். விட்லாக்கின் டீல்களைத் தூக்கிச் சுமப்பவள் அவள்தான். இரண்டு தடவை அவள் பதவி உயர்வை அவரே தட்டிவிட்டார்.

"கழுதை மாதிரி உழைக்கிறே, இல்லேங்கல. ஆனா இந்தத் தொழிலுக்கு முன்கூட்டியே யோசிக்கிற மூளை வேணும், மார்னி. அது உனக்கு அமையல" என்றார். அந்தப் பதவி கோல்ஃப் கூட்டாளியின் மருமகனுக்குப் போயிற்று. அந்த மருமகனுக்கு யோசிக்கிற பழக்கமே கிடையாது.

கவர்களைப் பிரிக்கும் நாள் வந்தது. அன்று காலைதான் பொம்மையின் மாதிரியும் வந்திருந்தது. வெள்ளைக் கரடி ஒன்று ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்து நின்றது. அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். மனிதருக்கு மனசு கேட்கவில்லை. டிராக்டருக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்த்துவிட்டுக் காபி எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது, சீக்கிரமே வந்துவிட்ட வெர்னா விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்னி கவர்களோடு கதவருகே நின்றாள்.

"இது என் ஜாடிதானே?" என்றார் வெர்னா. "பச்சை மூடி. எங்கப்பா வரைஞ்ச லேபிள். இந்தக் கரடி எதுக்கு அதைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்குது, கிரேடன்? கவரை இன்னும் பிரிக்கவே இல்லையே."

விட்லாக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். ஆனால் பொய்க்கு மட்டும் அவருக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை.

"ஐயோ வெர்னா, ரெண்டு பேருக்குமே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கோம்! யார் ஜெயிச்சாலும் விருந்துக்கு ரெடியா இருக்கணும்ல?"

"அப்படியா. நரி எங்க?"

"மார்னிகிட்ட இருக்கு. மார்னி, போய் அந்த இன்னொண்ணை எடுத்துட்டு வாம்மா."

மார்னி அவரை ஒரு கணம் பார்த்தாள். "சரி, கிரேடன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னொன்று என்று எதுவும் இல்லை. அவள் வெறுங்கையோடு வருவாள், 'ஆர்டர் கொடுக்க மறந்துட்டியா?' என்று வெர்னா எதிரிலேயே கத்தித் தீர்க்க வேண்டியது, தேவைப்பட்டால் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது. காபியை ஒரு வாய் குடிப்பதற்குள் இவ்வளவையும் தீர்மானித்துவிட்டார். மனசு கொஞ்சமும் உறுத்தவில்லை.

"எங்க ஊர் பன்னிச் சந்தையில தரகனுக்கு வாங்குறவன் திருட்டுத்தனமா சரக்கு ஊத்திக் குடுப்பான்" என்றார் வெர்னா. "வாயை மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும். உங்ககிட்ட சென்ட் வாசனை வருது. அதான் ஒண்ணும் புரியல."

விட்லாக் சிரித்தார். அசடு வழிந்தது.

கதவு திறந்தது. மார்னி கையில் கண்ணாடிக் கட்டி. உள்ளே ஒரு செந்நரி, முதுகில் அதே பச்சை மூடி ஜாடியைச் சுமந்துகொண்டு நின்றது.

வெர்னா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிக்குங்க கிரேடன். வயசானா யாரைப் பாத்தாலும் சந்தேகமா வருது" என்றார்.

கவர்களைப் பிரித்தார்கள். நரி கூடுதல் விலை கொடுத்திருந்தது. "அவங்க கடன் வாங்கித்தான் குடுக்கணும், நடுவுல காலை வாரிடுவாங்க. கரடிகிட்ட ரொக்கம் இருக்கு, ஆலையையும் மூட மாட்டாங்க" என்றார் விட்லாக். சற்றுமுன் சந்தேகப்பட்ட வெட்கத்திலேயே அந்த அம்மாள் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வசந்தத்தில் கரடி ஒஹாயோ ஆலையை இழுத்து மூடியது. அப்போது வெர்னா இரண்டு தடவை போன் செய்தார். விட்லாக் மீட்டிங்கில் இருந்தார்.

கையெழுத்தான அன்று அவர் மார்னியைக் கூப்பிட்டார். "நரியை எப்போ செஞ்சே?"

"கரடிக்கு ஆர்டர் குடுக்கச் சொன்னீங்களே, அன்னிக்கே. என் சொந்தக் காசுல. ரசீதும் என் பேர்லதான் இருக்கு."

"ஏன்?"

"முன்கூட்டியே யோசிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. நரி என்கிட்டயே இருக்கட்டும்."

அந்த முறை பதவி உயர்வுக் கமிட்டியில் அவளுக்காக விட்லாக் தொண்டை வற்றப் பேசினார். நரி அவள் புது அறையில், வராந்தாவைப் பார்த்து உட்கார்ந்தது. விட்லாக் பாத்ரூமுக்குச் சுற்றுவழியில் போகக் கற்றுக்கொண்டார்.

திமிங்கலம் சொன்னபடி வந்தது. ஆனால் நார்த்மியர் சேர்மன் போன் செய்தது மார்னிக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை வங்கித் தலைவர் விட்லாக்கை உட்கார வைத்து, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று இதமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையே பிரிவுபசார விருந்து.

விருந்தில் மார்னி உருக்கமாகப் பேசிவிட்டு, ஒரு பெட்டியைக் கொடுத்தாள். கண்ணாடிக் கட்டிக்குள் குட்டி விட்லாக். கோல்ஃப் மட்டை, நீல டை, பக்கவாட்டில் வாரிய நரை முடி. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சரியா வந்திருக்கா, கிரேடன்?" என்றாள் மார்னி.

செவ்வாய்க்கிழமை சொன்னார்கள், வெள்ளிக்கிழமை பொம்மை கையில் இருக்கிறது. செய்ய ஆறு வாரம் ஆகும் என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஒன்றரை மாதம் முன்பு அவள் கேமராவோடு அவர் அறைக்கு வந்தது ஞாபகம் வந்தது. "துணைத் தலைவர் ஆனதும் பத்திரிகைக்குக் குடுக்கணும், அப்படியே திரும்புங்க, இன்னும் கொஞ்சம்" என்று நாலா பக்கமும் படம் எடுத்தாள். அவரும் மட்டையைத் தோளில் சாய்த்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். பொம்மையிலும் வயிறு உள்ளேதான் இருந்தது.