மாட்டு வம்சம் மாயமான மதியம்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் கறவை மாட்டுப் பதிவகத்தின் சர்வர் நாற்பத்தோரு வருட மாட்டு வம்சத்தை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டது. பத்து லட்சம் பசுக்கள், அவற்றின் கொள்ளுப்பாட்டிகள், காளை மாமன்கள் எல்லாரையும் தேடினால் திரையில் ஒரே பதில்: கோப்புகள் இல்லை.

ஆர்வில் டெஷ் அந்த அலுவலகத்தின் ஒரே கணினிக்காரர். அவர் நெற்றியில் வழிந்த வியர்வையில் ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம். இரண்டு மணிக்கு ஏலம். வம்சச் சான்றிதழ் இல்லாவிட்டால் பட்டத்து ராணி மாதிரியான பசுவும் வெறும் மாட்டு விலைக்குத்தான் போகும். அவர் வேலையும் கூடவே போகும். ஆறு வருடமாக வாராவாரம் நகல் எடுத்து வைத்தவர்தான். ஆனால் அந்த நகலிலிருந்து கோப்புகள் திரும்பி வருமா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"என்னாச்சு ஆர்வில்? ஏலக்காரங்க மூணு தடவை போன் பண்ணிட்டாங்க!" என்று வாசலில் நின்றார் மேலாளர் மார்லிஸ்.

"பாத்துட்டிருக்கேன் மேடம். பேசினீங்கன்னா பதட்டத்துல எதையாவது அமுக்கிடுவேன்."

சர்வரும் அதற்காகத்தான் காத்திருந்தது போல, 'புதிய காலித் தரவுத்தளம் உருவாக்கவா?' என்று பணிவாகக் கேட்டது. அவர் விரல் 'ஆம்' மேல் போய் நின்று, பழையது அடியோடு அழிந்துவிடுமே என்று தேள் கொட்டியது போல் திரும்பியது. முதலில் கோப்புகள் இருக்கும் வட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் வட்டே இல்லை!

சர்வர் அறைக்கு ஓடினார். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது வெல்லமும் பன்றி இறைச்சியும் சேர்ந்த பீன்ஸ் மணம். வட்டுப் பெட்டி விளக்கணைந்து கிடந்தது. அதன் மின்செருகி தரையில். அதற்குரிய துளையில், மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் ஒரு ஸ்லோ குக்கர், மூடி தடதடக்க, அரசாண்டுகொண்டிருந்தது.

"வெர்னா!"

பதிவு எழுத்தர் வெர்னா கரண்டியோடு வந்தாள். "ஏன் கத்துறீங்க? இன்னிக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர்ற நாளு. சாப்பாட்டு ரூம்ல ஏழு குக்கர் செருகினா கரண்ட் கட்டாயிடுது. இந்தப் பெட்டி சும்மாதானே மினுக்கிட்டிருந்துச்சு."

"அதுலதான் பத்து லட்சம் மாடு இருக்கு, தாயே!"

"அடக் கடவுளே! சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒரு சீட்டு எழுதி ஒட்டினா கை தேஞ்சிடுமா?"

ஆர்வில் பெட்டியைச் செருகினார். அது முனகியது, விசிறியைச் சுழற்றியது, பச்சையாக முழித்தது. கோப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. திடீரென மின்சாரம் போனதில் ஏதாவது சிதைந்திருக்குமே என்று முழுச் சோதனையும் ஓடவிட்டார். அந்த இருபது நிமிடத்தில் அவருக்கு இருபது வயது கூடியது. கடைசியில் திரை சொன்னது: பிழைகள், பூஜ்யம்.

இருபது வயதும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. அச்சு இயந்திரம் சான்றிதழ்களைத் துப்பத் தொடங்கியது. மார்லிஸ் அவற்றை வாரிக்கொண்டு காருக்கு ஓடினார். ஆர்வில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட வரலையா?" என்றாள் வெர்னா.

"மனசு வந்துடுச்சு, காலுதான் வரல. தட்டை இங்கயே கொண்டு வாங்க. நிறையப் போடுங்க."