யாருடைய பீரங்கி?

பீரங்கி என்ற வார்த்தையை டுவைட் சட்ஃபின் லேசில் யாருக்கும் கொடுத்துவிடமாட்டார். அந்த மலைப்பக்கத்தில் புளூகிராஸ் என்கிற நாட்டுப்புற இசை வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதான். தோல் கட்டிய பாஞ்சோவும் ஃபிடில் என்கிற வயலினும் சேர்ந்து போடும் ரகளையைக் கிழித்துக்கொண்டு ஒரு கிட்டார் தனியாகக் கேட்டால் அதற்குப் பெயர் பீரங்கி. அது ட்ரெட்நாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் டுவைட்டுக்குச் சந்தேகமே கிடையாது. அகன்ற இடுப்பு, ஆழமான வயிறு, ஒரு போர்க்கப்பலின் பெயரைச் சூடிக்கொண்ட கிட்டார் அது. அதைவிடச் சின்னதை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், "பாப்பா தூங்குதா, முழிச்சிருக்கா?" என்று விசாரிப்பார்.

அவருடைய தம்பி கார்னெட்டின் மனைவி நெல்டா. வயது ஐம்பத்தெட்டு, உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அண்ணன் பாஞ்சோ, தம்பி அடிச்சத்தம் கொடுக்கும் ஆளுயர பாஸ், லானி என்ற நண்பர் ஃபிடில், இவள் கிட்டார் என்று நாலு பேர் கொண்ட அந்தக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாக ட்ரெட்நாட்டைக் கட்டிக்கொண்டு தாளம் போட்டவள். போட்டவள் என்றால் போட்டவள்தான். பாட்டின் நடுவில் ஒவ்வொருவராக முன்னால் வந்து தனி வாசிக்கும்போது முறை பாஞ்சோவுக்குப் போகும், ஃபிடிலுக்குப் போகும், திரும்பப் பாஞ்சோவுக்கே வரும். கிட்டாருக்கு மட்டும் வராது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுச் சமையலறையில் அடுப்பில் பீன்ஸ் கொதிக்கும் நேரத்தில் அவள் எல்லா மெட்டையும் தனியாக வாசித்துப் பார்ப்பாள் என்பது கார்னெட்டுக்கு மட்டும் தெரியும். கார்னெட் தானாக வாயைத் திறக்கிற ஆளில்லை.

அந்த வசந்தத்தில் நெல்டாவின் வலது தோள் படுத்துவிட்டது. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிய தோள். அதற்கு மேல் அந்தப் பெரிய பெட்டியின் மேல் கையை உயர்த்தி வைத்து வாசிப்பு வேறு. பிசியோதெரபிப் பெண் தோளைத் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்படியே வாசிச்சீங்கன்னா ரெண்டுல ஒண்ணு போயிடும். தோளா கிட்டாரான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"ரெண்டும் வேணும்" என்றாள் நெல்டா. சொல்லிவிட்டாளே தவிர, ஆகஸ்ட் வரைக்கும் எப்படி என்று தெரியவில்லை. ஆகஸ்டில் ஃபிடில் திருவிழா. அந்த மேடையில் நிற்காத வருஷம் அவளுக்கு வருஷமே இல்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, கார்னெட்டையும் தன் ட்ரெட்நாட்டையும் இழுத்துக்கொண்டு வெஸ்டாவின் கிட்டார் கடைக்குப் போனாள். வெஸ்டா நெல்டாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கடைச் சுவர் முழுக்க ட்ரெட்நாட், கசாப்புக்கடையில் தொங்குவதுபோல வரிசையாகத் தொங்கின. மூலையில் ஒரு நாற்காலிமேல் மட்டும், இடுப்பு சிறுத்த, செம்பழுப்பு மஹாகனி மரத்தில் ஒரு சின்ன கிட்டார் சாய்ந்து கிடந்தது.

"அதை எடுத்துப் பாருடி. நீ கேப்பேன்னுதான் சுவத்துல மாட்டல" என்றாள் வெஸ்டா.

நெல்டா எடுத்து மடியில் வைத்தாள். கிட்டார் தொடைமேல் தாழ்வாக, சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது. வலது கை தானாக வழிந்து கம்பிமேல் விழுந்தது. தோள் எழும்பவே இல்லை. கிட்டாரின் கழுத்தும் குட்டை, பன்னிரண்டாவது கட்டத்திலேயே பெட்டியோடு சேர்ந்துவிட்டதால் இடது கையும் எட்டி எட்டிப் போக வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றியது. சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

பழைய வழக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். சத்தம் தட்டையாக நசுங்கியது. ட்ரெட்நாட் அடித்தால் தாங்கும், இன்னும் அடி என்று கேட்கும். இது அப்படியில்லை. மறுபடி பாதி பலத்தில் வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, பயறு கொட்டுவதுபோலக் கணகணவென்று விழுந்தது. எதுவும் எதன்மேலும் ஏறி உட்காரவில்லை.

ஆனாலும் ஒரு பயம். காதுக்குக் கீழே குமுறுகிற அந்த அடிச்சத்தத்தைக் காணோம். இது மேடையில் கேட்குமா?

"கார்னெட், வெளியில போ. நம்ம வண்டிகிட்ட நில்லு. ரெண்டையும் வாசிக்கறேன். எது எப்படிக் கேக்குதுன்னு வந்து சொல்லு."

கார்னெட் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போய், நாற்பதடி தள்ளி, வெயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நெல்டா தன் ட்ரெட்நாட்டில் 'மழைக்கு முந்தின வைக்கோல்' என்ற மெட்டை ஒரு சுற்று வாசித்தாள். பிறகு சின்னதில் அதே மெட்டு. கார்னெட் நிதானமாக நடந்து வந்தார்.

"பெருசுல பாஸ் நல்லாக் கேட்டுச்சு" என்றார்.

நெல்டாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "சின்னதுல?"

"சின்னதுல நீ கேட்ட." கொஞ்சம் யோசித்துவிட்டு மேலும் சொன்னார். அவருக்கு அது பெரிய சொற்பொழிவு. "பாஸ் வாசிக்கத்தான் நான் இருக்கேனே. அந்தப் பெருசு இத்தனை வருஷமா என் வேலையைப் பிடுங்கிச் செஞ்சுக்கிட்டு, உன் வேலையை விட்டுடுச்சு."

வெஸ்டா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "வாசிக்கறவ எப்பவும் கிட்டாருக்குப் பின்னாலதானே இருக்கா? முன்னால என்ன கேக்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அந்த நேரம் பார்த்து, பாஞ்சோவுக்குப் புதுக் கம்பி வாங்க டுவைட் உள்ளே வந்தார். நெல்டாவின் மடியைப் பார்த்தார்.

"அடடே, பாப்பா தூங்குதா?"

"முழிச்சிருக்கு. பேசவும் செய்யும்" என்றாள் நெல்டா.

"வீட்டுல வெச்சுக் கொஞ்சு. சனிக்கிழமை உன் பெருசைக் கொண்டு வா."

"பெருசு இனிமே இல்ல டுவைட். வெஸ்டாகிட்ட குடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போறேன்." இதைச் சொல்லும்வரை அவளுக்கே அது தெரியாது. சொன்னதும் சின்னதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவள் மெனக்கெடவில்லை.

டுவைட்டின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இதோ பாரு நெல்டா, உன் தோள் எனக்குத் தெரியும். வருத்தம்தான். ஆனா பொம்மையை வெச்சுக்கிட்டு மேடை ஏற முடியாது. என் பாஞ்சோ பக்கத்துல இது கொசு மாதிரி இருக்கும். எனக்கு ஒரு பீரங்கி வேணும். நீ கொண்டு வரலன்னா திருவிழாவுல நானே ஒருத்தனைத் தேடிக்கறேன். ஆயிரம் பேர் வருவாங்க."

"தேடு. காது நல்லா இருந்தா கிடைப்பான்."

டுவைட் போய்விட்டார். பேச்சுச் சூட்டில் கம்பி வாங்க மறந்துவிட்டார். வெஸ்டா அந்தப் பொட்டலத்தைக் கார்னெட் கையில் கொடுத்தனுப்பினாள். நெல்டா தன் பழைய கிட்டாரை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். வீடு போய்ச் சேரும்வரை சின்னதைப் பின்சீட்டில் போட மனசு வராமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. திருவிழா மைதானத்தில் கூடார வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. வண்டிக்கு வண்டி ஒரு தார்ப்பாய், தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வட்டம், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மெட்டு. அங்கே யாரும் யாரையும் முகம் பார்த்துத் தேடுவதில்லை. காதை முன்னால் விட்டுப் பின்னால் நடப்பார்கள். எங்கே நல்ல சத்தம் கேட்கிறதோ அங்கே போய் நிற்பார்கள்.

ஒஹையோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் வட்டத்தில் பாஸ் இல்லையென்று கார்னெட்டைக் கூப்பிட்டது. அவரோடு நெல்டாவும் போய் உட்கார்ந்தாள். வெயில் அடிக்காமலிருக்க அவர்கள் தார்ப்பாயை ஒரு பக்கம் தரைவரை இறக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தலைவர் பெயர் மெர்ல், தாடி வைத்த ஃபிடில்காரர். இரண்டு பாட்டு முடிந்ததும் நெல்டாவைப் பார்த்துத் தாடியை ஆட்டினார். உன் முறை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக யாரும் அவளைப் பார்த்து அப்படி ஆட்டியதில்லை.

ஓடிக்கொண்டிருந்தது 'மழைக்கு முந்தின வைக்கோல்'. கிட்டார் தனி எடுத்தால் மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அது எந்த வட்டத்திலும் மரியாதை. மெர்ல் வில்லைக் கம்பியிலிருந்து எடுத்தார். கார்னெட்டின் பாஸ் மட்டும் கீழே மெத்தென்று நடந்தது. நெல்டா வாசித்தாள். சமையலறையில் பீன்ஸுக்கு மட்டும் கேட்ட வாசிப்பெல்லாம் வெளியே வந்தது. சுரங்கள் தார்ப்பாயைத் தாண்டிப் போவது அவளுக்கே தெரிந்தது. ஒரு சுற்று முடிந்ததும் மெர்ல் மறுபடி தாடியை ஆட்டினார். அவள் மறுபடி பாய்ந்தாள். வாயெல்லாம் பல்.

அப்போது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் நில்லுங்க. ஐயா, யாருங்க அது? அந்தப் பீரங்கி யாரோடது?"

கார்னெட்டின் கை ஒரு அடியைத் தவறவிட்டது. நெல்டாவின் கை தவறவிடவில்லை. ஆனால் காது முழுக்க அங்கே போய்விட்டது.

மெர்லின் மனைவி தார்ப்பாய் ஓரத்தில் சோளரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். "எந்தப் பீரங்கி?" என்று கேட்டாள்.

"அந்தக் கிட்டாருங்க! காலையிலேருந்து மைதானத்தை மூணு தடவை சுத்திட்டேன், இப்படி ஒண்ணு காதுல விழல. என்ன தெளிவு! பழைய ட்ரெட்நாட்டுதானே? சத்தத்தை வெச்சே சொல்லுவேன். அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். இன்னிக்கு நாலு மணிக்கு மேடை. எங்ககிட்ட கிட்டாருக்கு ஆள் இல்ல. என்ன கேட்டாலும் சரி, அவர்தான் வேணும்."

"உள்ள வந்து நீங்களே கேட்டுக்கங்க" என்றாள் அந்த அம்மாள்.

நெல்டா கடைசிச் சுரத்தை வைத்து முடித்தபோது தார்ப்பாய் விலகியது. டுவைட் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ரொம்ப மரியாதையாகக் குனிந்து உள்ளே வந்தார். நிமிர்ந்தார். கார்னெட்டைப் பார்த்தார். நெல்டாவைப் பார்த்தார். அவள் மடியைப் பார்த்தார். அப்புறம் வட்டம் முழுக்க வேறு கிட்டார் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"யாரையோ தேடினியாமே" என்றாள் நெல்டா.

டுவைட்டின் காது நுனிவரை சிவந்துவிட்டது. "இது... இதுவா வாசிச்சது?"

"இல்ல, என் கைப்பை வாசிச்சது."

மெர்லின் குடும்பத்துக்கு விஷயம் தெரியாது. இருந்தும் சிரித்தார்கள். டுவைட் தொப்பியை இரண்டு தடவை சுற்றினார். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவன் கூடப்பிறந்தவன்.

"நெல்டா, நீ இப்படியெல்லாம் வாசிப்பேன்னு எனக்கு யாரும் சொல்லலியே."

"நீ யாரை வாசிக்க விட்ட, சொல்றதுக்கு?"

இதை அவள் சிரிக்காமல் சொன்னாள். இவ்வளவு வருஷமாகத் தொண்டையில் நின்றது சட்டென்று வந்துவிட்டது. டுவைட் கீழே பார்த்தார்.

"நாலு மணிக்கு வருவியா?" என்று கடைசியில் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"என்ன கேட்டாலும் சரின்னுதானே சொன்ன? அப்ப ரெண்டாவது முறை எனக்கு. நான் வாசிக்கறப்ப உன் பாஞ்சோ வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

"மூடிக்கறேன்."

"சத்தமாச் சொல்லு, கார்னெட்டுக்குக் கேக்கல."

"மூடிக்கறேன்னு சொன்னேன்ல!"

"கேட்டுச்சு" என்றார் கார்னெட்.

நாலு மணிக்கு வெயில் மேடைமேல் நேராக விழுந்தது. நாலு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மைக், பழைய வழக்கப்படி. யார் முறையோ அவர் உள்ளே வர வேண்டும், மற்றவர்கள் விலகி வழிவிட வேண்டும். ட்ரெட்நாட்டோடு நெல்டா அந்த மைக்கை நெருங்கியதே இல்லை. டுவைட் முதல் சுற்றை இடிபோல வாசித்தார், கூட்டம் கைதட்டியது. முடித்ததும் பின்னால் நகர்ந்தார். அவர் நகர்ந்த இடத்தில் நெல்டா போய் நின்றாள். சின்ன கிட்டார் மைக்குக்கு ஒரு சாண் பக்கம் வரை போனது. தாடையை உயர்த்தி ஆரம்பித்தாள்.

முதல் வரியிலேயே முன்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் சாப்பாட்டுக் கடை ஓரம் நின்ற வெஸ்டா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். பாஞ்சோ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தது. நெல்டா மெட்டை மேலே கொண்டுபோய், திருப்பி, கீழே இறக்கி, கடைசி வரியை முடித்துக்கொண்டே விலகக் காலெடுத்தாள். அடுத்தது டுவைட்டின் முறை.

டுவைட் வரவில்லை.

நாற்பது வருஷத்தில் ஒரு முறையைக்கூடத் தவறவிடாத மனுஷன், விரல்கள் கம்பிக்கு மேலே அந்தரத்தில் நிற்க, வாயைத் திறந்தபடி அவள் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். லானி முழங்கையால் இடித்தார். டுவைட் திடுக்கிட்டு விழித்தார். நெல்டாவைப் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் வைக்காமல், ஒரு அடி பின்னால் வைத்து, தாடையால் மைக்கைக் காட்டினார்.

"உன்னோடதுதான். வாசி" என்றார்.

தோள் வலிக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. மேடையில் அவள் மைக்குக்குத் திரும்பி, இன்னொரு சுற்று வாசித்தாள்.