கவுன்சில் வேலியில் முறித்த கொப்பு

லண்டனில், மிச்சம் என்ற பகுதியின் நகரசபையான கவுன்சிலைத் திட்டாமல் யோகராஜாவுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. குழாயில் வெந்நீர் வராவிட்டாலும் திட்டு, படிக்கட்டில் விளக்கு எரியாவிட்டாலும் திட்டு. மிச்சத்தில் மழை பெய்தால் அதிலும் கவுன்சிலின் கை இருக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். ஊரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பல வருடம் கிளாக்கராக இருந்தவர். ஒரு கந்தோர் எப்படியெல்லாம் வேலை செய்யாமல் இருக்கலாம் என்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர். உலகத்துக் கந்தோர்கள் எல்லாம் ஒரே சாதிதான் என்று அவர் முடிவு கட்டி வைத்திருந்தார். மூன்றாம் மாடியில் வீடு தந்ததும் அதே கவுன்சில்தான் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் குடியிருப்பைக் கொப்பளிப்பான் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலி. எதிர்வீட்டுச் சபாரத்தினத்தின் பிள்ளைகள் இரண்டும் படுத்துவிட்டன. கீழே இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் படுத்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, யோகராஜாவின் ஆறு வயது மகள் தர்சினியின் முதுகிலும் நீர் கோத்த கொப்புளங்கள் தெரிந்தன.

கொப்பளிப்பான் என்று வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாள் வந்த வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். வெளியாள் உள்ளே வரக்கூடாது. மச்சம் மாமிசம் கூடாது, சட்டியில் தாளிக்கும் சத்தமே கேட்கக்கூடாது. மருந்து, ஊசி என்ற பேச்சும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படுத்திருக்கிற ஆளை அம்மாளாகவே நினைத்துக் கும்பிட வேண்டும். பல்லுத் தீட்ட மறுத்துத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற தர்சினி, அப்பா தன் முன்னால் கைகூப்பி நிற்பதைக் கண்டு முதலில் திகைத்துப் போனாள். பிறகு அந்த மரியாதை அவளுக்கு நன்றாகவே பிடித்துக்கொண்டது.

வேப்பிலைக்கு மிச்சத்தில் எங்கே போவது? யோகராஜா கீழே இறங்கி, புல்தரையைச் சுற்றிக் கவுன்சில் வளர்த்து வைத்திருந்த பச்சை வேலியில் ஒரு கொப்பை முறித்துவந்து கதவில் செருகினார். சபாரத்தினமும் அதைத்தான் செய்திருந்தார். இடத்துக்கு ஏற்ற இலை என்று அம்மாள் பொறுத்துக்கொள்வா என்பது இருவரின் நம்பிக்கை.

பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு விஷயம் வீட்டுக்குள் இருந்தது. யோகராஜாவின் மனைவி சந்திரவதனாவுக்கு நிறைமாதம். சின்ன வயதில் யோகராஜாவுக்கு அம்மாள் வந்து போனதற்கு நெற்றியில் தழும்பு சாட்சி. சந்திரவதனாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதன் அர்த்தம் இருவருக்கும் தெரியவில்லை. பிள்ளையைத் தாய்தான் பார்க்க வேண்டும் என்ற முறைப்படி அவள் மகளின் அருகிலேயே இருந்தாள். வழமைபோல அவளைப் பார்க்க வந்த மருத்துவிச்சியிடம், மனைவி நோர்பரியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று யோகராஜா தபால் போடும் துவாரத்தின் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசி என்னைப் பாக்கத்தானே வந்தவ? ஏன் பொய் சொல்லி அனுப்பினனீங்கள்?"

"அம்மாள் இருக்கிற வீட்டுக்கை ஊசியும் மருந்துமாய் வந்து நிண்டால் என்ன நடக்கும்? நீர் பேசாமல் இரும்."

அன்று மத்தியானமே கதவு மறுபடி தட்டப்பட்டது. தட்டியவர் பெர்னடெற். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கவுன்சில் வைத்திருந்த சின்ன அலுவலகம் அவருடைய பொறுப்பு. ஐம்பது வயது மதிக்கத்தக்க, நெடுத்த, செம்பட்டைத் தலைமயிர் ஐரிஷ்காரி. யோகராஜாவின் முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டே அவருடைய காது காய்த்துப் போயிருக்கும். யோகராஜா சங்கிலியை மாட்டியபடி கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தார். பெர்னடெற் படிக்கட்டு வரை பின்னால் போய் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசினார்.

"மிஸ்டர் யோகா, நான் உள்ளே வரவில்லை. இந்த இலை எதற்கு என்று எதிர்வீட்டில் கேட்டேன், சொன்னார்கள். உங்கள் மனைவி நோர்பரிக்குப் போகவில்லை. காலையில் பல்கனியில் உடுப்பு உலர்த்தினார், நான் கண்டேன்."

யோகராஜா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கு இந்தக் கொப்புள வருத்தம் முன்பு வந்திருக்கிறதா?"

"இல்லை."

"பிள்ளை பிறக்கிற நேரத்தில் தாய்க்கு இது வந்தால் பிறக்கிற பிள்ளைக்கும் வந்துவிடும். பச்சைக் குழந்தை இதைத் தாங்குவது கஷ்டம். மருத்துவிச்சி பயந்து போய்த்தான் என்னிடம் வந்தார்."

தன் கையாலேயே கதவைச் சாத்தி, வரப்போகிற பிள்ளையை ஆபத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்திருப்பது யோகராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாளிடம் மன்னிப்புக் கேட்பதா, மனைவியிடமா என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். கவுன்சிலைப் பார்த்து அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு ஆளில்லாமல் கிடக்கிறது, திறந்து தரலாமா என்று மேலிடத்தில் கேட்கிறேன் என்று பெர்னடெற் சொல்லிவிட்டுப் போனார். பிறக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பதில் வரும் என்று யோகராஜா மனதுக்குள் நினைத்தார். கிளாக்கர் புத்தி. ஆனால் பொழுதுபடுவதற்கு முன்பே பெர்னடெற் சாவியோடு வந்துவிட்டார். கவுன்சில் ஆட்கள் கட்டிலும் மெத்தையும் கொண்டுவந்து இறக்கி, ஹீட்டரையும் போட்டுவிட்டிருந்தார்கள். சந்திரவதனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியிறங்கினாள். டொக்டர் வந்து ஊசி போட்டார். மகளோடு ஏற்கெனவே பழகிவிட்டதால் நோய் தொற்றியிருக்கிறதா இல்லையா என்பதை இனிப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். ஊசி கண்டால் அம்மாள் கோபிப்பா என்ற யோகராஜா அன்று வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை யோகராஜா தன் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டார். கவுன்சிலில் வீட்டு உதவிக்கு வரும் பெண்களில் பலர் தங்கள் பிள்ளைகளோடு முடங்கிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் வண்டிக்காரன் தனியே இருக்கும் கிழடுகளின் வீட்டுக்குள்ளே போய் மேசையில் தட்டு வைத்துவிட்டு வருகிறவன். வருத்தமுள்ள வீட்டுக்குள் போய்விட்டு அடுத்ததாகக் கிழவர் வீட்டுக்குள் அவன் எப்படிப் போவது? எந்தக் கதவுக்குப் பின்னால் வருத்தம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பெர்னடெற்றுக்கு யோகராஜாவின் கதவு நினைவுக்கு வந்தது. வருத்தம் வந்த வீட்டார் எல்லோரும், அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், வேலியில் ஒரு கொப்பு முறித்துக் கதவில் செருக வேண்டும் என்று படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறிச் சொன்னார். கொப்பு இருந்தால் கவுன்சில் ஆட்கள் உள்ளே போவதில்லை. சாமானை வாசலில் வைத்து, தட்டிவிட்டு, பின்னால் போய் நிற்பார்கள். குப்பைப் பையையும் அந்தக் கதவடியில் வைத்தால் போதும், கட்டிடக் காவலாளியே எடுத்துக்கொண்டு போவான்.

ஒரு கிழமைக்குள் வெள்ளைக்காரர் கதவுகளிலும் ஜமேக்காக்காரர் கதவுகளிலும் இலை தொங்கியது. வேலி மொட்டையடித்த தலை மாதிரி ஆகிவிட்டது. நூலக வண்டி பல்கனிகளுக்குக் கீழே வந்து நின்றது. நூலகக்காரி படப் புத்தகங்களைத் தலைக்குமேல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, மேலேயிருந்து கொப்புளப் பிள்ளைகள் அது வேண்டும் இது வேண்டும் என்று கத்தினார்கள். அம்மாள் என்ன சாப்பிடுவா என்று பெர்னடெற் சபாரத்தினத்திடம் கேட்டுப் போய்க் கவுன்சில் சமையலறையில் சொன்னார். அவித்த உருளைக்கிழங்கும் கரட்டும் வெறுஞ்சோறும் வந்தன. தாளிக்காமல் சமைக்க வெள்ளைக்காரருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணை, எங்கடை கந்தோரிலை இப்பிடி ஒண்டு நடந்திருக்குமோ?" என்று சபாரத்தினம் வாசலில் நின்று கேட்டார்.

"ஏலாது" என்றார் யோகராஜா.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்டுக்கு யோகராஜா போகாவிட்டால் வேலை போய்விடும். காய்ச்சலோடு கிடக்கிற பிள்ளையை யார் பார்ப்பது? சபாரத்தினம் வீட்டில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்க்கவே ஆளில்லை. உதவிப் பெண்களில் முன்பு இந்த வருத்தம் வந்து போனவர்களை மட்டுமே அனுப்பலாம் என்பது கவுன்சில் ஒழுங்கு. அப்படியானவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேறு வீடுகளில் நின்றார்கள்.

"நான் வருகிறேன்" என்றார் பெர்னடெற். "எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது."

ஒவ்வொரு காலையும் வந்தார். சப்பாத்தை வெளியே கழற்றி வைத்து, குளியலறையில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வருவார். தர்சினி தலையணையில் சாய்ந்து, இப்படிக் கைகூப்பிக் கும்பிட வேண்டும், கும்பிட்டால்தான் அம்மாள் கதை கேட்பா என்று ஆங்கிலத்தில் கட்டளையிடுவாள். பெர்னடெற் சிரிக்காமல் கும்பிடுவார். பிறகு ஈரத் துணியால் உடம்பை ஒற்றி, சொறியாதே சொறியாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வார். பின்னேரங்களில் சந்திரவதனா புல்தரையில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவாள். மகள் மேலேயிருந்து காட்டுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் யோகராஜா மனைவியின் முகத்தையும் கையையும் கண்ணால் தடவிக் கொப்புளம் தேடுவார்.

தர்சினிக்குக் கொப்புளங்கள் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகு, சித்திரை தொடங்குகிற நேரத்தில், ஒருநாள் மத்தியானம் சந்திரவதனாவுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆண் பிள்ளை பிறந்தது. டொக்டர்கள் தாயையும் பிள்ளையையும் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். ஒரு கொப்புளம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். யோகராஜா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலை கற்கண்டுப் பொட்டலத்தோடு கவுன்சில் அலுவலகத்துக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. அதில் வேலிக்கொப்பு ஒன்று செருகியிருந்தது. காவலாளி படிக்கட்டைக் கூட்டிக்கொண்டு நின்றான்.

"பெர்னடெற்றுக்குக் கொப்பளிப்பான். பெரியாட்களுக்கு வந்தால் பொல்லாதது. நாலு நாளாய்க் காய்ச்சல்."

"அவருக்குச் சின்ன வயதிலேயே வந்தது என்றாரே?"

"அவருக்கா? ஒருநாளும் வரவில்லை. என்னிடம் உண்மையைச் சொன்னார். வேறு ஆளில்லை, அந்த வீட்டுக்கு யாராவது போகத்தானே வேண்டும் என்றார்."

யோகராஜா கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கந்தோர்ப் பொய் அவருக்குப் புதிதல்ல. வயிற்றுக்குத்து, மாமியார் செத்துப் போனா, பஸ் வரவில்லை என்று வேலையிலிருந்து கழன்றுகொள்ளச் சொல்லும் பொய்கள் எத்தனையோ கேட்டவர், ஒன்றிரண்டு தானும் சொன்னவர். வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒருவர் பொய் சொன்னதை அவர் கண்டதில்லை. இவ்வளவு நாளும் இந்த மனுசியையா திட்டித் தீர்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. அப்படி ஓர் ஆள் தன் வீட்டுக்கு வந்து போயிருக்கிறா என்ற பெருமை.

வீட்டுக்குப் போய்ச் சோறு குழைய வைத்து, பூசணிக்காயை உப்புப் போட்டு அவித்து, தாளிக்காமல் இறக்கினார். கீழே போய், மொட்டை வேலியில் தேடித் துளிர்த்திருந்த ஒரு கொப்பை முறித்தார். பஸ் பிடித்து, காவலாளி சொன்ன அடையாளத்தை வைத்து நோர்பரியில் பெர்னடெற் தனியே இருந்த வீட்டைக் கண்டுபிடித்தார். கொப்பைக் கதவில் செருகினார். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். தட்டிவிட்டு, தெருவோரப் படலைக் கதவு வரை பின்னால் போய் நின்றார்.

கதவு மெல்லத் திறந்தது. பெர்னடெற்றின் முகம் அடையாளமே தெரியவில்லை. நெற்றி, கண் இமை, உதடு எல்லாம் கொப்புளம்.

"மிஸ்டர் யோகா" என்றார், குரல் கரகரத்தது. "இன்றைக்கு என்ன முறைப்பாடு?"

"பெடியன் பிறந்திருக்கிறான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை."

சொல்ல நினைத்து வந்தது நிறைய. தெரிந்த ஆங்கிலத்தில் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றினார். நோர்பரித் தெருவில், போவோர் வருவோர் பார்க்க, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடி இரண்டு கையையும் கூப்பினார்.

பெர்னடெற் சிரிக்கவில்லை, என்ன இது என்று கேட்கவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, அவர் கும்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்தார். அது என்னவென்று தர்சினி அவருக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாள்.